அடுப்புக்குப் பயம் வேண்டாம், டயதெர்மிக்கு வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 58. இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. ஒரு வருடமாகத் திடீர் திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு முறை விழுந்தும் விட்டேன். உடலில் மாட்டிக்கொண்டே இ.சி.ஜி. பதியும் ஹோல்டர் பரிசோதனையில் இதயம் சில சமயம் 4 விநாடிக்கு மேல் நின்று துடிப்பதாகவும், சில சமயம் 150-க்கு மேல் ஓடுவதாகவும் தெரிந்தது. ‘சிக் சைனஸ் சிண்ட்ரோம்’ என்று சொல்லி, இரண்டு வயர் உள்ள பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். ஏழு வாரம் ஆகிறது. வயர் நழுவிவிடுமோ என்று இடது கையை அசைப்பதே இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பை அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். செல்போன் எப்போதும் அடுத்த அறையில்தான். இப்போது இடது தோளில் தாங்க முடியாத வலி. தலை சீவக்கூடக் கை எழவில்லை. ஷார்ட்வேவ் டயதெர்மி பத்து நாள் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். அடுத்த வாரம் போகிறேன். பி.பி. மெஷின் ஒருநாள் காலை நாடி 44 என்று காட்டியது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இறங்கினால் படபடக்கிறது. மெட்டோபுரோலால், அபிக்ஸபான் மாத்திரைகளைத் தொடரச் சொல்கிறார்கள். மெஷினே வைத்த பிறகு மாத்திரை எதற்கு?

பதில்: முதல் வேலையாக அந்த டயதெர்மியை ரத்து செய்யுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஷார்ட்வேவ் டயதெர்மி என்பது 27 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ அலையை உடலுக்குள் செலுத்தித் தசையைச் சூடாக்கும் முறை. உங்கள் உடலில் கழுத்தெலும்புக்குக் கீழிருந்து இதயம் வரை அரை மீட்டர் நீளத்துக்கு இரண்டு உலோக வயர்கள் ஓடுகின்றன. அவை ஆன்டெனா போல அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூடு முழுவதும் வயரின் நுனியில், அதாவது இதயத் தசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரிரு மில்லிமீட்டர் இடத்தில், போய்க் குவியும். அங்கே தசை வெந்துபோனால் பேஸ்மேக்கர் கருவி துடிப்பைக் கொடுத்தாலும் இதயம் ஏற்காது. கருவியின் மின்சுற்றே பழுதாகவும் கூடும். ‘தோளில் வைக்கவில்லை, முதுகில்தான்’, ‘விட்டு விட்டு அலை செலுத்தும், சூடு இல்லாத பல்ஸ்டு முறைதான்’ என்றெல்லாம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேஸ்மேக்கர் தயாரிப்பாளர்கள் எல்லோருமே உடலின் எந்தப் பகுதியிலும் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். மைக்ரோவேவ் டயதெர்மிக்கும் இதே பதில்தான்.

டென்ஸ், ஐ.எஃப்.டி. போன்ற மின்தூண்டல் சிகிச்சைகளின் ஆபத்து வேறு வகை. அவை சூடாக்குவதில்லை, கருவியை ஏமாற்றும். பேஸ்மேக்கர் ஓரிரு மில்லிவோல்ட் அளவுள்ள சமிக்ஞையைக்கூடக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தோளில் ஓடும் மின்துடிப்பை இதயத்தின் சொந்தத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், தான் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருந்துவிடும். தோள், கழுத்து, மார்புப் பகுதியில் இவை வேண்டாம். அல்ட்ராசவுண்ட் சிகிச்சையின் தலைப்பகுதி கருவியிலிருந்து 15 செ.மீ.க்குள் வரக் கூடாது. இடது தோளில் அந்த இடைவெளி கிடைப்பது கடினம், ஆகவே அதையும் விட்டுவிடுங்கள்.

இந்த வலி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் உங்கள் கடிதத்தின் முடிச்சு அவிழ்கிறது. வயர் நழுவும் என்ற பயத்தில் ஏழு வாரம் கையைக் கட்டிப்போட்டீர்கள். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கி இறுகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ‘உறைந்த தோள்’ மற்றவர்களைவிட எளிதில் வரும். அதாவது, ஆபத்தில்லாத ஒன்றுக்குப் பயந்ததால் வலி வந்தது, அந்த வலி உங்களை உண்மையான ஆபத்தின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் அடிக்கடி பார்க்கும் வரிசைதான் இது.

கையை அசைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னதை நீங்கள் அப்படிப் புரிந்துகொண்டிருப்பீர்கள். வயரின் நுனியில் திருகு போன்ற சுருளோ, சிறு கொக்கிகளோ இருக்கும். அவை தசையில் பதிந்து, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதுவரை, பொதுவாக 4 முதல் 6 வாரம், முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, 4-5 கிலோவுக்கு மேல் எடை தூக்கக் கூடாது, கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். அந்த வாரங்களிலும் தோள் உயரத்துக்குக் கீழே கையைத் தாராளமாக அசைத்திருக்கலாம், அசைத்திருக்க வேண்டும். நீங்கள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள். வயர்களின் அளவீடுகள் சரியாக இருக்கின்றன என்று கருவிப் பரிசோதனைப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இப்போதே தொடங்கலாம்.

தொடங்கும் முன் தோளின் வெளிப்புறத்திலும் பின்புறத்திலும் துணியில் சுற்றிய வெந்நீர்ப் பையை 10 நிமிடம் வையுங்கள்; கருவி இருக்கும் இடத்தில் வைக்க வேண்டாம். பிறகு வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். உடலை மெல்ல ஆட்டினால் கை தானாக வட்டமிடும். வலமாகப் பத்து, இடமாகப் பத்து. இதில் தோள் தசை வேலை செய்யவே கூடாது. கையை நீங்களாகச் சுழற்றினால் பயன் பாதியாகும். அடுத்தது சுவர். சுவருக்கு எதிரே ஓரடி தள்ளி நின்று, இடது கை விரல்களைச் சுவரில் வைத்து மேல்நோக்கி நகர்த்திச் செல்லுங்கள். வலி தொடங்கும் இடத்தில் 10 விநாடி நிறுத்தி, அப்படியே விரல்களால் இறங்கி வாருங்கள். கையைப் பொத்தென்று விடாதீர்கள். பத்து முறை செய்தபின் அன்று எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மூன்றாவது, முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்துக்கொண்டு, ஒரு குடைக்கம்பை இரு கைகளாலும் பிடித்து, வலது கையால் தள்ளி இடது முன்கையை வெளிப்பக்கம் நகர்த்துவது. உறைந்த தோளில் முதலில் போவது இந்த வெளித்திருப்பம்தான். மூன்றையும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை செய்யுங்கள். பயிற்சிக்குப் பின் அரை மணி நேரம் வலிப்பது சகஜம். மறுநாள் காலை வரை வலி நீடித்தால் அளவைக் குறையுங்கள். இது வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் தேறும் நோய். பிசியோதெரபிஸ்டிடம் தாராளமாகப் போங்கள். கையால் செய்யும் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் எந்தத் தடையும் இல்லை. பேஸ்மேக்கர் பொருத்தியபோது கொடுத்த கருவி அட்டையை மட்டும் முதலில் காட்டிவிடுங்கள்.

வலி தாங்கவில்லை என்று டைக்ளோபினாக், இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபானோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். பாராசிட்டமால் போதும். தோளுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், அது சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும் என்பதை நினைவில் வைத்து, இதய மருத்துவரைக் கேட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். அதோடு, எல்லாத் தோள்வலியும் உறைந்த தோள் அல்ல. கை முழுதும் வீங்கி நீலம் பாரித்தாலோ, மார்பின் மேல்பகுதியில் சிரைகள் புடைத்துத் தெரிந்தாலோ, வயர் செல்லும் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். நடக்கும்போது வந்து நின்றால் போய்விடும் வலி என்றால் அது இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் வருவதாக இருக்கலாம். இவை இரண்டுக்கும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இனி மாத்திரை. உங்கள் நோயில் இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி, இதயம் மந்தமாவது, சில விநாடி நின்றே போவது. மற்றொரு பாதி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மேலறைகள் ஒழுங்கின்றி அதிர, கீழறைகள் 150-க்கு மேல் ஓடுவது. பேஸ்மேக்கர் முதல் பாதியை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறது. அது துடிப்புக்கு ஒரு தரை போடும், உச்சவரம்பு போடாது. வேகமாக ஓடும் இதயத்தை அது நிறுத்துவதில்லை, அதிர்ச்சி கொடுப்பதும் இல்லை (அது வேறு கருவி). மேலறை தாறுமாறாக ஓடும்போது அதைப் பின்தொடராமல் தானாக வேறு முறைக்கு மாறிக்கொள்ளும், அவ்வளவே.

வேகத்தை அடக்குவது மெட்டோபுரோலால். பேஸ்மேக்கர் இல்லாதபோது அதை உங்களுக்குக் கொடுக்கப் பயந்திருப்பார்கள், ஏனென்றால் ஏற்கெனவே நின்று நின்று துடிக்கும் இதயத்தை அது இன்னும் மந்தமாக்கும். இப்போது தரை இருப்பதால் தைரியமாகக் கொடுக்க முடிகிறது. உண்மையில், அந்த மாத்திரையை நீங்கள் சாப்பிட முடிவதே பேஸ்மேக்கரால்தான்.

அபிக்ஸபான் பக்கவாதத்தைத் தடுக்க. மேலறை ஒழுங்காகச் சுருங்காதபோது, இடது மேலறையின் ஒரு மூலைப் பையில் இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பக்கவாத வாய்ப்பைச் சுமார் ஐந்து மடங்கு ஆக்குகிறது. உங்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் இந்த மாத்திரையை விட முடியாது. இதயம் சீராகத் துடிக்கிறதா இல்லையா என்பது இதற்குக் கணக்கே இல்லை. அபிக்ஸபானின் வேலை சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் காலை, இரவு இரு வேளையும் தவறக் கூடாது. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் ஒன்று போடுங்கள், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். பல் பிடுங்கவோ வேறு சிறு சிகிச்சைக்கோ யாராவது ‘நிறுத்துங்கள்’ என்றால் எத்தனை வேளை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை எழுதிக் கேட்டு வாங்குங்கள். நிறுத்தியதை மறந்தே போய்விடுவதுதான் அதிகம் நடக்கிறது.

பி.பி. மெஷினின் 44-ஐப் பற்றி. அந்த மெஷின் இதயத்தின் மின்துடிப்பை எண்ணுவதில்லை, கையில் வந்து சேரும் இரத்த அலையைத்தான் எண்ணுகிறது. நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால், இதயம் நிரம்பும் முன்பே சுருங்குவதால் அலை மிகப் பலவீனமாக இருக்கும். மெஷின் அதைத் தவறவிடும். இப்படி மூன்று, நான்கு துடிப்புக்கு ஒன்று முந்தினாலே 60 என்பது 44 ஆகத் தெரியும். கூடவே, பல கருவிகளில் இரவு நேரத்துக்கு மட்டும் அடிவேகத்தை (துடிப்பு அதற்குக் கீழே போகவிடாத அளவை) 50 என்று குறைத்து வைப்பார்கள். விழித்த சூட்டில் பார்த்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே நீங்களே எண்ணுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்துப் பள்ளத்தில் வலது கையின் நடு மூன்று விரல்களை வையுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் இங்கே உதவாது. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சீராகப் போகும் நாடியில் ஒரு துடிப்பு விட்டுப்போனது போல் இடைவெளியும், அதையடுத்து ஓங்கி ஒரு துடிப்பும் வந்தால் அதுதான் முந்திய துடிப்பு. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பகலில், முழு நிமிடம், வெவ்வேறு வேளைகளில் இருமுறை எண்ணியும் உங்கள் அட்டையிலோ கருவிப் பரிசோதனையில் தரும் பிரிண்ட் தாளிலோ உள்ள அடிவேகத்துக்குக் குறைவாகவே வந்தால் அந்த வாரமே கருவியைப் பரிசோதியுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ கூட இருந்தால் அன்றே. அடிவேகத்துக்கு மேல் 70, 80, 90 என்று இருப்பது உங்கள் சொந்த இதயத்தின் வேலை, அதில் பிழை ஒன்றும் இல்லை.

படியில் நடப்பது எனக்குத் தெளிவாகப் புரிகிறது, ஏனென்றால் அது இந்தக் கருவியின் சுபாவம். இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் உங்கள் சைனஸ் முனை தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டுவதில்லை. அதனால் கருவிக்குள் அசைவை உணரும் ஒரு சென்சாரை இயக்கிவைத்திருப்பார்கள். பயன்பாட்டு முறை ‘டி.டி.டி.ஆர்.’ என்று இருந்தால் கடைசி எழுத்து அதைத்தான் குறிக்கிறது. சென்சாருக்குத் தெரிவது உழைப்பு அல்ல, உடலின் குலுக்கல். படி ஏறும்போது மெதுவாக, குலுங்காமல் ஏறுகிறோம். உழைப்பு அதிகம், குலுக்கல் குறைவு. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தொப்பென்று எடை இறங்குகிறது. உழைப்பு குறைவு, குலுக்கல் அதிகம். ஏறும்போது வேகம் போதாமல் மூச்சு வாங்குவதும் இறங்கும்போது தேவையில்லாமல் வேகம் கூடிப் படபடப்பதும் இதனால்தான். குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் இதயம் வேகமெடுக்கலாம். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் மார்பு அசையாததால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாமல் போகலாம்.

‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த அளவு குலுக்கலுக்கு விழித்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு சீக்கிரம் வேகம் ஏற வேண்டும், உச்சம் எவ்வளவு என்று மூன்றையும் வெளியிலிருந்தே மாற்றலாம். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை, சில நிமிட வேலை. பரிசோதனை அறையிலிருந்து உங்களை வெளியே அனுப்பி ஒரு மாடி ஏறி இறங்கி வரச் சொல்லி, அந்தப் பதிவைப் பார்த்தே சரிசெய்யலாம். அப்படிச் செய்யும்படி நீங்களே கேளுங்கள். ஆனால் படபடப்பு எல்லாமே சென்சாரால் வருவதாகவும் இருக்காது. உட்கார்ந்திருக்கும்போது வருவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். ஒரு சிறு நோட்டில் தேதி, மணி, எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். கருவி தன் நினைவில் ஒவ்வொரு வேக ஓட்டத்தையும் நேரத்தோடு பதிந்துவைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் நான் அதிகம் அக்கறைப்படும் விஷயம் கருவிக்கு மேலிருக்கும் தோல். வாரம் ஒருமுறை குளித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். கருவியின் விளிம்பு விரலில் தட்டுப்படுவதும், மெலிந்தவர்களுக்குப் புடைத்துத் தெரிவதும் சகஜம். மேல்தோலை விரலால் லேசாக நகர்த்தினால் அது கருவியின் மேல் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். தோல் மினுமினுப்பாக மெலிந்து, சிவந்தோ நீலம் பூத்தோ, கருவியோடு ஒட்டிக்கொண்டது போலிருந்தால் வலி இல்லாவிட்டாலும் அது அவசரம். தையலின் ஓரத்தில் ஒரு பொருக்கு விழுந்து விழுந்து மீண்டும் வருவது, ஆடையில் ஒரு சொட்டு ஈரம், ஒரே இடத்தில் ஓயாத அரிப்பு ஆகியவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. வீக்கத்தைப் பார்த்து ஊசி குத்தி நீரை எடுப்பது ஒன்று. உள்ளே இருப்பது பெரும்பாலும் இரத்தக் கட்டியாக இருக்கும். அதில் கிருமி இல்லை. ஊசிதான் கிருமியை உள்ளே கொண்டுபோகும். பொருத்திய பிரிவைத் தவிர வேறு யாரும் அங்கே ஊசி வைக்க அனுமதிக்காதீர்கள். மற்றொன்று, சிவந்த தோலுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது. உலோகத்திலும் வயர் உறையிலும் கிருமிகள் ஒரு படலம் கட்டி ஒளிந்துகொள்ளும், மருந்து அங்கே போதுமான அளவில் எட்டாது. பத்து நாள் அடங்கியது போலிருந்து மீண்டும் வரும். கருவி இருக்கும் தோலடிப் பையில் கிருமித்தொற்று உறுதியானால் கருவி, வயர் அனைத்தையும் எடுத்துவிட்டு மருந்து கொடுப்பதுதான் சிகிச்சை. அதனால்தான் காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) எடுக்கச் சொல்கிறோம். மருந்து கொடுத்தபின் எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம்.

கருவியை விரலால் உருட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு வந்துவிடும். உருட்ட உருட்ட வயர் அதைச் சுற்றிச் சுருண்டு, இதயத்திலிருந்து நுனி பிடுங்கிக்கொண்டு மேலே வரும். அப்போது இதயத்துக்குப் போக வேண்டிய மின்சாரம் பக்கத்து நரம்பைத் தட்ட, ஓயாத விக்கலோ, மார்பிலும் கையிலும் தாளம் தப்பாத துடிப்போ தெரியும். நீங்கள் உருட்டாவிட்டாலும் விக்கல் நிற்காமல் போனாலோ, விலா, வயிறு தாளத்தோடு துடித்தாலோ அன்றே பரிசோதிக்க வேண்டும்.

வீட்டுச் சாதனங்களைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன், பயந்த அளவுக்கு அங்கே விஷயம் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்புக்கும் கருவிக்கும் 60 செ.மீ. இடைவெளி போதும், நிமிர்ந்து நின்று கையை நீட்டிச் சமைத்தால் அந்த இடைவெளி கிடைக்கும், குனிந்து எட்டிப் பார்க்காமல் இருந்தால் சரி. பாத்திரம் வட்டத்தின் நடுவில், வட்டத்தை மூடும் அளவில் இருக்கட்டும். ஓரத்தில் வைத்தால் காந்தப்புலம் வெளியே சிதறும். மைக்ரோவேவ் அவன், மிக்ஸி, வாஷிங் மெஷின், டி.வி., வைஃபை எதற்கும் கவலை வேண்டாம். செல்போனை வலது காதில் வைத்துப் பேசுங்கள். கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால் போதும், மார்புப் பையில் மட்டும் வேண்டாம். பின்புறம் காந்தம் வைத்த போன்கள், இயர்பட் பெட்டி, டேப்லெட் மூடி ஆகியவற்றை மார்பில் வைத்துக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. வயர்லெஸ் சார்ஜர் 30 செ.மீ. தள்ளி. காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் நின்றுபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. வழக்கமாக, இதயத்தைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும். காந்தத்தை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். விமான நிலைய வாயிலில் இயல்பாக நடந்து போங்கள், கைக்கருவியால் சோதித்தால் அதைக் கருவிக்கு மேல் பிடித்து நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைகளில் திருட்டைத் தடுக்கும் தூண்களில் சாய்ந்து நிற்காதீர்கள். உடல் கொழுப்பை அளக்கும் எடைமெஷின் உடலுக்குள் மின்சாரம் செலுத்துவதால் அது வேண்டாம். சாதாரண எடைமெஷின் போதும். ஆர்க் வெல்டிங் நடக்கும் இடத்தையும், ஓடும் எஞ்சினுக்கு மேல் குனிவதையும் தவிருங்கள்.

மருத்துவமனைக்குள்தான் கவனம் கூடுதலாக வேண்டும். எக்ஸ்ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எல்லாம் எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்பது கருவி, இரண்டு வயர்கள் ஆகிய மூன்றும் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவையா என்பதைப் பொறுத்தது. ஏற்றவையானாலும், எடுப்பதற்கு முன் கருவியை அதற்கான முறைக்கு மாற்றி, முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். மாற்றிவிட்டார்களா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலும் இரத்தக்கசிவை நிறுத்த மின்காட்டரி (மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் கருவி) பயன்படுத்துவார்கள். அந்த மின்சாரத்தின் பாதை பேஸ்மேக்கரைக் குறுக்கிடாதபடி, மின்சாரம் வெளியேறும் ஒட்டுப்பட்டையை உடலில் வைக்க வேண்டும், தேவைப்பட்டால் பேஸ்மேக்கரின் முறையை மாற்ற வேண்டும். முன்கூட்டியே சொன்னால்தான் இது நடக்கும். பல் சுத்தம் செய்வதற்கு பேஸ்மேக்கர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக் தேவையில்லை.

இனி, உங்களுக்கு வரப்போகும் மூன்றாம் மாதப் பரிசோதனை. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மக்கள் தவறவிடுவது இதைத்தான். பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதுதான். வயர் நுனி புதிதாகப் பதிந்த இடத்தில் முதல் சில வாரம் வீக்கம் இருக்கும், இதயத்தைத் துடிக்கவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படலாம். அதற்காக ஆரம்பத்தில் 3.5 வோல்ட் போல உயர்த்தி வைத்திருப்பார்கள். மூன்று மாதத்தில் அது அடங்கிவிடும். இதயம் 0.75 வோல்ட்டுக்கே துடிக்கிறது என்று தெரிந்தால், இரு மடங்குக்குச் சற்று மேல் விட்டு 2 வோல்ட் அளவில் குறைத்துவைக்கலாம். மின்னழுத்தம் பாதியானால் ஒவ்வொரு துடிப்புக்கும் செலவாகும் ஆற்றல் நான்கில் ஒன்றாகிறது. தானாகவே அளந்து குறைத்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. உங்களுடையது எப்படி என்று கேளுங்கள்.

அன்று பிரிண்ட் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வயரின் மின்தடை இம்முறை எவ்வளவு என்பதைவிடப் போன முறைக்கும் இதற்கும் எவ்வளவு மாறியது என்பதே முக்கியம். திடீரென்று ஏறினால் வயர் உள்ளே முறிந்திருக்கலாம் அல்லது கருவியோடு இணைக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். திடீரென்று விழுந்தால் உறை கிழிந்திருக்கலாம். அடுத்து, கீழறையைக் கருவி எத்தனை சதவீதம் துடிக்கவைக்கிறது என்று பாருங்கள். உங்கள் நோய் மேலறையில். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள பாதை நன்றாக இருந்தால் இந்த எண் மிகக் குறைவாக இருக்க வேண்டும். வலது கீழறையை ஆண்டுக்கணக்கில் அதிகமாகத் துடிக்கவைத்தால் சிலருக்கு இதயத்தின் பம்ப் வலு குறைகிறது. 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அமைப்பை மாற்றிக் குறைக்க வழியுண்டா, எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

பேட்டரி சராசரியாக 8 முதல் 12 ஆண்டு வரும். சார்ஜ் செய்ய முடியாது. தீரும் தறுவாயில் மாற்ற வேண்டும் என்ற அறிவிப்பை கருவியே காட்டும். அதிலிருந்து பொதுவாக மூன்று மாதம் போல அவகாசம் உண்டு. அந்த அறிவிப்பு வந்ததும் சில கருவிகள் சிக்கனத்துக்காகச் சென்சாரை நிறுத்தி, கீழறையை மட்டும் ஒரே வேகத்தில் துடிக்கவைக்கும் முறைக்கு மாறிக்கொள்ளும். பல ஆண்டு கழித்து ஒருநாள் திடீரென்று காரணமில்லாத அசதியும் கழுத்தில் துடிப்பும் தெரிந்தால் முதலில் இதை நினைத்துப் பாருங்கள். வயர்கள் நன்றாக இருந்தால் கருவியை மட்டும் மாற்றுவார்கள். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சனுக்கு அந்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இறந்ததும் இதயத்தால் அல்ல, புற்றுநோயால்.

பரிசோதனைக்கு முன்பக்கம் திறக்கும் மேலாடை அணிந்து போங்கள். அட்டை, மாத்திரைப் பட்டியல், படபடப்பு நோட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். அட்டையின் இரு பக்கங்களையும் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள். வீட்டிலிருந்தே தகவல் அனுப்பும் கண்காணிப்புப் பெட்டி கொடுத்திருந்தால், படுக்கையிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் மின் இணைப்பில் வையுங்கள்; பெரும்பாலும் நீங்கள் தூங்கும்போதுதான் அது கருவியோடு பேசும். ஆனால் அந்தத் தகவலை யாரும் இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சுவலி வந்தாலோ, முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலோ பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். வந்தவர்களிடம் முதலில் அபிக்ஸபானைக் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லச் சொல்லுங்கள்.